டிஏசி சுண்டெலி இதயத்தில் கூடும் எல்என்சி-ஆர்என்ஏ, எஸ்ஐஆர்என்ஏவுக்கு அசையவே இல்லை. எங்கே பிழை?

புது_பைப்பெட்:

வணக்கம். சுண்டெலியின் பெருந்தமனி வளைவை இறுக்கி (டிஏசி) நான்கு வாரம் கழித்து எடுத்த இடது வென்ட்ரிக்கிளில் ஆர்என்ஏ-சீக்வென்சிங் செய்திருக்கிறோம். குழுவுக்கு 3 விலங்கு, பாலி-ஏ லைப்ரரி, மாதிரிக்குச் சுமார் 25 மில்லியன் ரீட். பெயரில்லாத ஒரு எல்என்சி-ஆர்என்ஏ (புரதமாக மாறாத நீள ஆர்என்ஏ) 3.2 மடங்கு கூடியிருக்கிறது. நீளம் 1.4 கிலோபேஸ், ஒரே எக்ஸான். பக்கத்தில் எதிர்த்திசையில் ஒரு புரத ஜீன் ஓடுகிறது. இரண்டின் தொடக்கப் புள்ளிகளுக்கும் இடையே 600 பேஸ்தான்.

க்யூபிசிஆர் (ஆர்என்ஏ அளவை அளக்கும் பிசிஆர்) விவரம்: 1 மைக்ரோகிராம் ஆர்என்ஏ, ஒலிகோ-டிடி பிரைமர், 20 மைக்ரோலிட்டர் சிடிஎன்ஏ. அதை ஐந்து மடங்கு நீர்த்து 2 மைக்ரோலிட்டர் எடுத்தால் சிடி (சிக்னல் தெரியும் சுழற்சி எண்) 32. பிறந்த குட்டிகளின் இதயத்தசைச் செல்களில், அவற்றைப் பெருக்க வைக்கும் ஃபினைல்எஃப்ரின் 50 மைக்ரோமோலார் 48 மணி நேரம் கொடுத்தால் இரண்டு மடங்கு கூடுகிறது.

சிக்கல் இதுதான். அதைக் குறைக்க மூன்று எஸ்ஐஆர்என்ஏ (இலக்கு ஆர்என்ஏவை அழிக்கும் குட்டி ஆர்என்ஏ) போட்டோம், ஒவ்வொன்றும் 50 நானோமோலார். ஒன்று 25 சதவீதம் குறைத்தது, ஒன்று 20, மூன்றாவது ஒன்றுமே செய்யவில்லை. அதே தட்டில் கட்டுப்பாட்டு ஜீன் 85 சதவீதம் குறைந்தது, ஆகவே டிரான்ஸ்ஃபெக்‌ஷன் சரி.

கணிப்பு மென்பொருள் மிர்-133ஏ என்ற மைக்ரோ-ஆர்என்ஏவுக்கு இரண்டு பொருந்திடங்கள் காட்டுகிறது. ஸ்பாஞ்ச் (மைக்ரோ-ஆர்என்ஏவை உறிஞ்சிக்கொள்வது) என்று எடுத்துக்கொண்டு லூசிஃபரேஸ் சோதனை (ஒளிரும் நொதியை வைத்துப் பிணைப்பைப் பார்ப்பது) செய்யலாம் என்று குழுவில் பேச்சு. நோயாளிகளின் பிளாஸ்மாவிலும் அளந்து பார்க்க ஆசை. எதை முதலில் செய்வது?

---

மயோசைட்:

லூசிஃபரேஸை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். நீங்கள் கொடுத்த எண்களிலேயே பாதி பதில் இருக்கிறது.

1 மைக்ரோகிராமை 20 மைக்ரோலிட்டரில் போட்டு, ஐந்து மடங்கு நீர்த்து, 2 மைக்ரோலிட்டர் எடுத்தால் ஒரு குழிக்குள் போவது 20 நானோகிராம் ஆர்என்ஏக்குச் சமம். பாலூட்டிச் செல் ஒன்றில் மொத்த ஆர்என்ஏ தோராயமாக 10 முதல் 30 பிகோகிராம். 20 என்று வைத்தால் குழியில் இருப்பது 1,000 செல்லின் சரக்கு. நன்றாக ஓடும் பிரைமரில் ஒற்றை மூலக்கூறு சுமார் 37-வது சுழற்சியில் தெரியும். சிடி 32 என்றால் ஐந்து சுழற்சி முன்னால். அதாவது 32 மூலக்கூறு. ஆயிரம் செல்லுக்கு 32! தலைகீழ் படியெடுப்பு 20 சதவீதம்தான் பிடிக்கிறது என்று தாராளமாகக் கொடுத்தாலும் 160. இதயத்தசைச் செல் பெரியது, அதில் ஆர்என்ஏ ஐந்து மடங்கு என்று இன்னும் தாராளம் காட்டினால் செல்லுக்கு ஏறக்குறைய ஒன்று. இதற்கு மேல் இழுக்க முடியாது.

மிர்-133ஏ இதயத்தசையில் மிக அதிகமாக உள்ள மைக்ரோ-ஆர்என்ஏக்களில் ஒன்று. செல்லுக்கு ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒரு மூலக்கூறு, இரண்டு பொருந்திடம். இது எதை உறிஞ்சும்? கல்லீரல் செல்லில் மிர்-122-ஐ வைத்து 2014-ல் செய்த அளவீடு இந்த விஷயத்தில் தெளிவானது: இலக்குகள் அசையவே செல்லுக்கு ஒரு லட்சத்துக்கும் மேலான பொருந்திடங்களைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டியிருந்தது. லூசிஃபரேஸ் சோதனை ஜெயிக்கும், அதில் சந்தேகமில்லை. பிளாஸ்மிடில் இருந்து இரண்டையும் கொட்டினால் யார் யாரோடு வேண்டுமானாலும் ஒட்டுவார்கள். அது செல்லுக்குள் நடக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. இதய நோய் எல்என்சி கட்டுரைகளில் பெரும்பகுதி இந்த ஒரே அச்சில் வார்த்தவை என்பதால் இது வழக்கம் போலத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

என் கணக்கை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். உங்கள் எல்என்சியை டி7 பாலிமரேஸால் சோதனைக்குழாயில் படியெடுத்து, ஜெல்லில் ஒரே பட்டை என்று உறுதிசெய்து, செறிவு அளந்து, 10-இன் அடுக்குகளாக 10⁷-லிருந்து 10 படி வரை நீர்த்து, அந்த ஆர்என்ஏவை இந்தச் சரக்கே இல்லாத ஈஸ்ட் ஆர்என்ஏ 1 மைக்ரோகிராமோடு கலந்து, அதே கிட்டில் தலைகீழாகப் படியெடுங்கள். பிளாஸ்மிடை நீர்த்து வரைந்த வளைகோடு போதாது. படியெடுப்பில் போகும் நஷ்டம் அதில் தெரியாது. செல்லை எண்ணி எடுத்து ஆர்என்ஏ பிரித்தால் செல்லுக்கு எத்தனை என்று நேராக வந்துவிடும். ஹைப்பர்ட்ரோஃபியில் (தசைச்செல் பெருக்கும்போது) ஒரு செல்லின் மொத்த ஆர்என்ஏவே கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். நானோகிராமுக்கு இவ்வளவு என்று மட்டும் சொன்னால் அந்தக் கூடுதல் கணக்கில் விழாது.

இரண்டாவது விஷயம், இந்த 3.2 மடங்கு எந்தச் செல்லிலிருந்து வருகிறது? இதயத்தின் கன அளவில் பெரும்பங்கு தசைச்செல்தான், ஆனால் எண்ணிக்கையில் பாதிகூட இல்லை. டிஏசிக்கு நான்கு வாரம் கழித்து நார்ச்செல்லும் (ஃபைப்ரோபிளாஸ்ட்) அழற்சிச் செல்லும் பெருகியிருக்கும். நார்ச்செல்லில் மட்டும் உள்ள ஒரு ஆர்என்ஏ, அங்கே துளியும் கூடாமலே, திசுவில் மூன்று மடங்கு கூடியது போலத் தெரியும். உங்கள் தரவிலேயே நார்ச்செல் அடையாள ஜீன்களான போஸ்டின், கோல்1ஏ1 எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். அவற்றோடு மாதிரிக்கு மாதிரி ஒட்டி நடக்கிறதென்றால் சந்தேகப்படுங்கள். லாங்கன்டார்ஃப் முறையில் (பெருந்தமனி வழியே நொதி செலுத்தி) செல்களைப் பிரித்து, தசைச்செல், நார்ச்செல், எண்டோதீலியல் என்று தனித்தனியே க்யூபிசிஆர் போடுவது ஒரு வாரத்து வேலை. ஒற்றை உட்கரு சீக்வென்சிங் தரவு கிடைத்தால் இன்னும் சுலபம். முதிர்ந்த தசைச்செல் 100 மைக்ரோமீட்டருக்கு மேல் நீளம், துளிக் கருவிகளில் நுழையாது, அதனால் இதயத்தில் உட்கருதான் எடுக்கிறார்கள். உட்கருவில் தங்கும் எல்என்சிகளுக்கு அது ஆதாயமே.

குட்டிச் செல் வளர்ப்பிலும் இதே கதை. முன்-தட்டிடல் (நார்ச்செல்லை முதலில் தட்டில் ஒட்டவிட்டுப் பிரிப்பது) 1 முதல் 2 மணி நேரம் செய்தும் நார்ச்செல் மிச்சம் இருக்கும். 48 மணி நேரத்தில் பெருகும். அந்தப் பெருக்கத்தைத் தடுக்கும் புரோமோடியாக்சியூரிடின் 100 மைக்ரோமோலார் சேர்க்கவில்லை என்றால் அந்த இரண்டு மடங்கும் கேள்விக்குறி.

நார்ச்செல் என்று முடிவானால் அது கெட்ட செய்தி இல்லை. விஸ்பர் என்ற எல்என்சி நார்ச்செல்லில் செறிந்தது. அதை ஆன்டிசென்ஸால் (அதோடு பிணையும் எதிர்வரிசைத் துண்டால்) அடக்கியபோது சுண்டெலியில் மாரடைப்புக்குப் பிந்தைய நார்த்தன்மை குறைந்தது என்று 2017-ல் காட்டினார்கள். கேள்வியைச் சரியான செல்லில் கேட்டார்கள், அதனால் பதில் கிடைத்தது.

---

உட்கரு_வாசி:

மயோசைட் சொன்னதை முடித்த பிறகு இது.

முதலில் ஒரு கேள்வி: ஆர்டி (தலைகீழ் படியெடுப்பு நொதி) சேர்க்காத கட்டுப்பாட்டின் சிடி என்ன? உங்களுடையது ஒரே எக்ஸான். இன்ட்ரானைத் தாண்டும் பிரைமர் போட வழியே இல்லை. ஜீனோமிக் டிஎன்ஏ கலந்திருந்தால் அதுவும் அதே நீளத்தில் பெருகும், மெல்ட் வளைகோடும் ஒன்றாகவே இருக்கும்.

எஸ்ஐஆர்என்ஏ ஏன் தோற்றது என்பதற்கு என் ஊகம், உங்கள் ஆர்என்ஏ உட்கருவில் உட்கார்ந்திருக்கிறது. எஸ்ஐஆர்என்ஏ உட்கருவில் வேலையே செய்யாது என்பது மிகை; மலாட்1 என்ற எல்என்சி உட்கருப் புள்ளிகளை விட்டு வெளியே வராதது, அதையும் எஸ்ஐஆர்என்ஏவால் குறைத்தவர்கள் உண்டு. ஆனால் எஸ்ஐஆர்என்ஏவை வைத்து வெட்டும் ஆர்கோநாட் இயந்திரம் பெரும்பாலும் சைட்டோபிளாசத்தில்தான், ஆகவே பலவீனமான குறைப்பு வந்தால் முதல் சந்தேகம் அங்கே.

பகுத்துப் பாருங்கள். செல் சவ்வை மட்டும் கரைக்கும் மென்மையான இடையகம், பனியில் 5 நிமிடம், குறைந்த வேகச் சுழற்சி, மேலே சைட்டோபிளாசம், கீழே உட்கரு. உட்கருவுக்கு மலாட்1, யூ6. சைட்டோபிளாசத்துக்குக் கேப்டிஹெச் எம்ஆர்என்ஏ. பலர் சறுக்குவது அடுத்த படியில்: இரு பகுதியிலிருந்தும் சம நானோகிராம் எடுத்துப் படியெடுக்கிறார்கள். மொத்த ஆர்என்ஏவில் பெரும்பகுதி சைட்டோபிளாசத்து ரைபோசோமல் ஆர்என்ஏ. சம எடை எடுத்தால் உட்கருப் பங்கு பல மடங்கு ஊதிக் காட்டும். சமச் செல் அளவு எடுங்கள், அதாவது இரண்டையும் ஒரே இறுதிக் கன அளவில் கரைத்து ஒரே மைக்ரோலிட்டர். பிரிக்கும் முன் இரு குழாயிலும் ஒரே அளவு வெளி ஆர்என்ஏ போட்டு நஷ்டத்தைச் சரிக்கட்டுங்கள். முதிர்ந்த இதயத் திசுவில் இதைச் செய்யாதீர்கள். தசை நார்கள் உட்கருவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சைட்டோபிளாசத்தையும் கூட இழுத்து வரும். அங்கே ஒற்றை மூலக்கூறு ஃபிஷ் (ஒளிரும் ப்ரோப்பால் ஆர்என்ஏவை அது இருக்கும் இடத்திலேயே காண்பது) தான் சரி. 1.4 கிலோபேஸில் 20 பேஸ் நீளத்தில் 48 ப்ரோப் வரை பொருத்த முடியும். லைப்போஃபசின் என்ற நிறமி பச்சையிலும் சிவப்பிலும் தானாக ஒளிரும், அதனால் தூரச் சிவப்பு சாயம் எடுங்கள்.

உட்கரு என்று வந்தால் கேப்மர் (நடுவே டிஎன்ஏ வைத்த ஆன்டிசென்ஸ்; அது பிடித்த ஆர்என்ஏவை ஆர்என்ஏஸ் எச் நொதி வெட்டும்). 16 பேஸ், இரு ஓரத்திலும் மூன்று மூன்று எல்என்ஏ (இறுகப் பிணையும் மாற்று நியூக்ளியோடைடு), நடுவே 10 டிஎன்ஏ. நடுத்துண்டு 7, 8-க்குக் கீழே போனால் ஆர்என்ஏஸ் எச் வெட்டாது. ஒன்றோடொன்று மேற்படியாத குறைந்தது இரண்டு வரிசை வேண்டும். 5, 10, 25, 50 நானோமோலார் என்று ஏற்றி, குறைப்பும் செல் விளைவும் சேர்ந்தே ஏறுகிறதா பாருங்கள். ஒன்றில் மட்டும் செல் சுருங்கினால் அது எல்என்ஏ நச்சாக இருக்கலாம். லிப்பிட் தாங்காத ஐபிஎஸ் (ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பிய செல்) வழி வந்த தசைச்செல்லில் லிப்பிட் இல்லாமலே 1 முதல் 5 மைக்ரோமோலார், மூன்று முதல் ஏழு நாள் ஊடகத்தில் விடலாம்.

கேப்மர் எங்கே விழ வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பிறந்துகொண்டிருக்கும் ஆர்என்ஏவின் முன்பகுதியில் வெட்டினால் எக்ஸ்ஆர்என்2 என்ற நொதி பின்தொடர்ந்து வந்து பாலிமரேஸையே இறக்கிவிடுகிறது; படியெடுப்பு பாதியில் நிற்கிறது. 2020-ல் இரண்டு குழுக்கள் இதைக் காட்டின. அப்போது நீங்கள் குறைத்தது ஆர்என்ஏவையா, படியெடுப்பையா? ஆகவே ஒரு கேப்மர் 3 பிரைம் முனைக்கு அருகில் இருக்கட்டும்.

உங்கள் லோகஸில் இந்தக் கேள்வி உயிர்நாடி, ஏனென்றால் பக்கத்து ஜீன் 600 பேஸில் நிற்கிறது. இது இருதிசைப் ப்ரொமோட்டர். கிரிஸ்பர்-ஐ (டிஎன்ஏவை வெட்டாமல் ஜீனை அடக்கும் முறை) போட்டால் டிகேஸ்9-கேஆர்ஏபி சுற்றியுள்ள ஒரு கிலோபேஸையே மூடிவிடும், அண்டை ஜீனும் அடங்கும், பழி எல்என்சி மேல் விழும். அண்டை ஜீனின் அளவை ஒவ்வொரு சோதனையிலும் கூடவே அளக்காத தரவைத் தயவுசெய்து யாருக்கும் காட்டாதீர்கள்.

இதயத்திலேயே பாடப்புத்தக உதாரணம் இருக்கிறது. ஹேண்ட்2 ஜீனின் அண்டையில் எதிர்த்திசையில் ஓடும் அப்பர்ஹேண்ட். 2016-ல் நேச்சரில் வந்த ஆய்வில், பாலி-ஏ நிறுத்தக் குறியை நுழைத்துப் படியெடுப்பைத் தடுத்தபோது ஹேண்ட்2 இதயத்தில் இல்லாமல் போனது, கரு இறந்தது. முதிர்ந்த ஆர்என்ஏவை மட்டும் குறைத்தபோது ஹேண்ட்2 அசையவில்லை. வேலை செய்தது ஆர்என்ஏ அல்ல, அங்கே படியெடுப்பு நடக்கும் செயல். பிறகு வேறு விதமாக வெட்டிய விலங்குகளில் வேறு விளைவுகள் வந்தன. எதை எப்படி நீக்கினோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. ஃபென்டர் என்ற எல்என்சியும் அப்படித்தான்: இரண்டு குழுக்கள், இரண்டு நீக்கல் முறைகள், இறப்பின் நேரமும் காரணமும் வேறு.

---

புது_பைப்பெட்:

மிக்க நன்றி இருவருக்கும். ஆர்டி இல்லாத குழியில் சிடி 35. டிஎன்ஏஸ் பத்தியில் வைத்து 15 நிமிடம் போட்டிருந்தோம். மூன்று சுழற்சி வித்தியாசம் பரவாயில்லை என்று நினைத்தேன். போஸ்டினோடு ஒத்துப்போவது: ஆறு மாதிரியிலும் கிட்டத்தட்ட இணைகோடு. வயிற்றைக் கலக்குகிறது.

இழைவாரியாகப் படியெடுப்பது எப்படி என்று யாராவது சொல்ல முடியுமா? லைப்ரரி இழை அறியாதது என்று இப்போதுதான் கவனித்தேன்.

---

உட்கரு_வாசி:

மூன்று சுழற்சி என்றால் எட்டில் ஒன்று. உங்கள் சிக்னலில் 12 சதவீதத்துக்கு மேல் ஜீனோமிக் டிஎன்ஏ. எஸ்ஐஆர்என்ஏ முழுமையாக வேலை செய்திருந்தாலும் அந்த அடித்தளம் கீழே இறங்காது. 20 சதவீதக் குறைப்புக்கு இது மட்டும் விளக்கமில்லைதான், ஆனால் எல்லா எண்ணும் கலங்கலாகிவிடுகிறது. வித்தியாசம் குறைந்தது 7 சுழற்சி வேண்டும். பத்தி டிஎன்ஏஸ் இந்த மாதிரி ஒற்றை எக்ஸானுக்குப் போதாது. கரைசலில் 37 டிகிரியில் 30 நிமிடம் மறுபடி போட்டு, பிறகு ஆர்என்ஏவை மீண்டும் சுத்தம் செய்யுங்கள். சூடாக்கி டிஎன்ஏஸை அணைப்பதாக இருந்தால் முதலில் இடிடிஏ சேர்க்க வேண்டும். மக்னீசியம் இருக்கும்போது சூடாக்கினால் ஆர்என்ஏ உடையும்.

இழைவாரிக்கு: ஜீனுக்குரிய பிரைமரின் 5 பிரைம் முனையில் ஜீனோமில் எங்கும் இல்லாத 18 முதல் 20 பேஸ் வால் ஒட்டுங்கள். அதை வைத்துப் படியெடுத்து, க்யூபிசிஆரில் ஒரு பிரைமர் அந்த வாலுக்கு, மற்றது ஜீனுக்கு. பிரைமரே போடாத ஆர்டி குழியும் கட்டாயம். ஆர்என்ஏ தன்னைத்தானே மடித்துப் பிரைமராகிக்கொள்ளும், இழை வேறுபாடு அங்கேதான் பறிபோகும். படியெடுப்பில் ஆக்டினோமைசின் டி சேர்த்தால் சிடிஎன்ஏ மேல் இரண்டாம் இழை பின்னப்படுவது குறையும். படியெடுத்த பின் மீந்த வால் பிரைமரை எக்ஸோநியூக்ளியேஸ் 1 கொண்டு நீக்காவிட்டால் அது பிசிஆரில் புகுந்து எல்லாவற்றையும் கெடுக்கும்.

இன்னொன்று. ஒலிகோ-டிடியை விட்டுவிட்டு ரேண்டம் ஹெக்சமருக்கு மாறுங்கள். பாலி-ஏ வால் இல்லாத எல்என்சிகள் நிறைய. மலாட்1-இன் முனையை ஆர்என்ஏஸ் பி வெட்டுகிறது, முச்சுருள் கட்டு அதைக் காக்கிறது. நீட்1-இன் 23 கிலோபேஸ் நீள வடிவமும் அப்படியே. அடுத்த முறை சீக்வென்சிங் என்றால் ரைபோசோமல் நீக்கம், டியூடிபி முறை இழைவாரி லைப்ரரி, இணைமுனை 60 முதல் 100 மில்லியன், குழுவுக்கு ஆறு விலங்கு. மூன்றை வைத்துக் குறைந்த வெளிப்பாடுள்ள ஜீன்களில் மடங்கு சொல்வது குருட்டாம்போக்கு.

நீட்1 பேச்சு வந்ததால் ஒரு துணுக்கு: ட்ரைசாலில் அது முழுசாக வெளிவராது. பாராஸ்பெக்கிள் புரதங்களோடு இடை அடுக்கில் மாட்டிக்கொள்கிறது. ட்ரைசால் கலவையைச் சூடாக்கினாலோ மெல்லிய ஊசி வழியே பலமுறை இழுத்துத் தள்ளினாலோ சுமார் 20 மடங்கு கூடுதலாக வந்தது என்று 2017-ல் காட்டினார்கள். நீட்1 நோயில் ஏறியது இறங்கியது என்று வரும் தரவில் பாதி, பிரித்தெடுப்பின் ஏற்ற இறக்கமோ என்று தோன்றும்.

---

9பி21:

மனித மரபணுப் பக்கத்திலிருந்து. சுண்டெலியில் கிடைத்த எல்என்சிக்கு மனிதனில் ஆள் இருக்கிறதா என்று முதலில் பார்த்தீர்களா? வரிசை ஒப்பீடு மட்டும் போதாது, எல்என்சிகளின் வரிசை வேகமாக மாறும். அண்டை ஜீன்கள் அதே ஒழுங்கில் இருக்கின்றனவா, ப்ரொமோட்டர் பேணப்பட்டிருக்கிறதா, அந்த இடத்தில் மனித இதயத்தில் ஏதேனும் படியெடுக்கப்படுகிறதா என்று பாருங்கள். பிரேவ்ஹார்ட் சுண்டெலி இதய வளர்ச்சியின் பெயர் பெற்ற எல்என்சி. மனிதனில் அதற்கு இணை கிடைக்கவில்லை. இதற்கு நேர்மாறான உதாரணம் க்ரோம்: கொலஸ்ட்ரால் வெளியேற்றத்தோடு தொடர்புள்ளது, ஆனால் குரங்கினங்களில் மட்டும். அதைச் சுண்டெலியில் நீக்கிப் பார்க்க வழியே இல்லை. அப்படிப்பட்டவற்றுக்கு ஐபிஎஸ் செல், பொறியியல் இதயத் திசு, 300 மைக்ரோமீட்டர் தடிமனில் வெட்டிய உயிருள்ள மனித இதயத் துண்டு இவைதான் களம்.

மரபணு ஆதாரம் வலுவாக உள்ள எல்என்சி என்றால் அன்ரில். 2007-ல் குரோமோசோம் 9-இன் பி21 பகுதி கரோனரி நோயோடு தொடர்புள்ளது என்று பல குழுக்கள் ஒரே நேரத்தில் கண்டன. ஆபத்து அல்லீல் ஒன்றுக்கு ஆபத்து 20 முதல் 30 சதவீதம் கூடும்; கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம் எதையும் தொடாமல். அந்த இடத்தில் புரத ஜீன் இல்லை, அன்ரிலின் வால்பகுதிதான் இருக்கிறது.

இங்கே க்யூபிசிஆர் செய்பவர்கள் வழுக்கி விழும் இடம் ஐசோஃபார்ம் (ஒரே ஜீனிலிருந்து வரும் வெவ்வேறு வடிவங்கள்). அன்ரில் கூடியது என்கிறார் ஒருவர், குறைந்தது என்கிறார் அடுத்தவர். எந்த எக்ஸானில் பிரைமர் என்று பார்த்தால் இருவரும் அளந்தது வெவ்வேறு மூலக்கூறு. நேர்கோட்டு அன்ரில் ஆபத்தின் பக்கம். எக்ஸான் 5, 6, 7 சேர்ந்து வட்டமாக மூடிக்கொண்ட வடிவம் பிஇஎஸ்1 என்ற புரதத்தைப் பிடித்து ரைபோசோமல் ஆர்என்ஏ முதிர்வைத் தடுக்கிறது. செல் பெருக்கம் அடங்கி, தமனிக்குப் பாதுகாப்பாகிறது. ஒரே ஜீன், எதிரெதிர் வேலை! வட்டத்தை அளக்கப் பின்னோக்கி விலகும் பிரைமர் வேண்டும், ஆர்என்ஏஸ் ஆர் (நேர்கோட்டு ஆர்என்ஏவைத் தின்னும் நொதி) போட்ட பிறகும் சிக்னல் நிற்க வேண்டும். உங்களுடையது ஒரே எக்ஸான் என்பது நிஜமா, அல்லது ஆழமில்லாத தரவின் தோற்றமா என்பதும் தெரியாது. 5 பிரைம், 3 பிரைம் ரேஸ் (ஆர்என்ஏவின் முனைகளைக் கண்டறியும் முறை) இரண்டும் செய்யுங்கள். முழு நீளம் தெரியாமல் மிகைவெளிப்பாட்டு பிளாஸ்மிட் கட்டுவது வீண் வேலை.

புரதப் பிணைப்பு தேடும்போது ஒரு எச்சரிக்கை. குரோமாட்டினை அடக்கும் பிஆர்சி2 புரதக் கூட்டோடு ஒட்டுகிறது என்ற முடிவு வந்தால் உடனே மகிழ வேண்டாம். அது எந்த ஆர்என்ஏவோடும் ஒட்டும். பயோட்டின் ஒட்டிய ஆர்என்ஏவைச் செல் சாற்றில் போட்டு இழுப்பதும், குறுக்கிணைப்பில்லாத ஆர்ஐபியும் (ஆன்டிபாடியால் புரதத்தைப் பிடித்து அதோடு வரும் ஆர்என்ஏவைப் பார்ப்பது), செல் உடைந்த பிறகு குழாயில் புதிதாக உண்டாகும் பிணைப்பையே காட்டக்கூடும். உயிருள்ள செல்லில் 254 நானோமீட்டர் புறஊதாவில் இணைத்து, கடுமையாகக் கழுவி, பிறகு பாருங்கள். நன்றாகச் செய்த ஒன்றைப் படிக்க வேண்டுமென்றால் எம்எச்ஆர்டி என்ற எல்என்சி, 2014. எம்ஒய்எச்7 லோகஸில் எதிரிழையில் வருவது. குரோமாட்டினை மாற்றியமைக்கும் பிஆர்ஜி1 புரதத்தின் ஹெலிகேஸ் பகுதியைப் பிடித்து அதைக் குரோமாட்டினிலிருந்து விலக்கி வைக்கிறது. அழுத்தச் சுமையில் பிஆர்ஜி1 இந்த எம்எச்ஆர்டியையே அடக்குகிறது. அதை மீட்டபோது சுண்டெலி இதயம் ஹைப்பர்ட்ரோஃபியிலிருந்து தப்பியது. எந்த ஸ்பாஞ்சும் தேவைப்படவில்லை.

---

இருமுறை_சுழற்சி:

பிளாஸ்மா பற்றி மட்டும் சொல்கிறேன். திசுவில் செல்லுக்கு ஒன்றுகூட இல்லாத ஆர்என்ஏவை பிளாஸ்மாவில் தேடாதீர்கள். சிடி 36, 37-இல் வரும் இரைச்சலுக்கு விளக்கம் எழுதி நாள் போகும். வேறு எல்என்சிக்கு இது உதவலாம் என்பதால் தொடர்கிறேன்.

குழாய் இடிடிஏ. ஹெப்பரின் கூடவே கூடாது, அது ஆர்டியையும் பிசிஆரையும் சேர்த்தே தடுக்கும். இதய நோயாளிகளில் இந்தப் பொறி குழாயில் மட்டும் இல்லை: ஆஞ்சியோ மேசையில் ஹெப்பரின் ஏற்றிய பிறகு எடுத்த ரத்தம் இடிடிஏ குழாயில் இருந்தாலும் ஹெப்பரின் ரத்தம்தான். மாரடைப்பு நோயாளிகளில் ஏதோ ஒன்று குறைந்தது, ஆரோக்கியமானவர்களில் இல்லை என்ற முடிவு இப்படித்தான் பிறக்கும். ஹெப்பரினுக்கு முன் எடுங்கள், முடியாவிட்டால் எல்லா மாதிரிக்கும், கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் சேர்த்து, ஹெப்பரினேஸ் போடுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்குள் சுழற்றுங்கள். முதல் சுற்று 1,500 முதல் 2,000 ஜி, 10 முதல் 15 நிமிடம். மேலே உள்ளதை அடியைத் தொடாமல் எடுத்து, இரண்டாவது சுற்று 10,000 ஜிக்கு மேல் 10 நிமிடம். இரண்டாவது சுற்றை விட்டால் பிளேட்லெட் தங்கும்; உறைய வைத்து உருக்கும்போது அது உடைந்து சரக்கைக் கொட்டும். லிப்கார் நினைவிருக்கும், 2014-ல் மாரடைப்புக்குப் பின் இடது வென்ட்ரிக்கிள் உருமாறுவதோடும் இதயச் செயலிழப்பில் இறப்போடும் தொடர்புபடுத்திய பிளாஸ்மா எல்என்சி. அது மைட்டோகாண்ட்ரியா ஜீனோமிலிருந்து வருவது. பிளேட்லெட்டில் உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியா உண்டு. இப்படிப்பட்ட மூலக்கூறை அளக்கும்போது சுழற்சி வேகம் சிறிது மாறினாலே முடிவு மாறும்.

சிவப்பணு உடைந்ததா என்று 414 நானோமீட்டரில் பாருங்கள், 0.2-க்கு மேல் போனால் மாதிரியை ஒதுக்குங்கள். பிளாஸ்மா ஆர்என்ஏ நொறுங்கியது; ஆம்ப்ளிகான் 60 முதல் 90 பேஸ், ரேண்டம் ஹெக்சமர். பிரித்தெடுப்பின் முதல் படியில், லைசிஸ் கரைசலில், வெளி ஆர்என்ஏ சேருங்கள். பிளாஸ்மாவில் நேரடியாகப் போட்டால் அங்குள்ள ஆர்என்ஏஸ் நொடியில் தின்றுவிடும். யூ6, கேப்டிஹெச் இரண்டும் பிளாஸ்மாவில் நிலையான ஒப்பீடு அல்ல. டிஜிட்டல் பிசிஆர் இருந்தால் இந்த அளவுக்கு அதுதான் சரி.

கடைசிக் கேள்வியை மதிப்பீட்டாளர் கேட்பதற்கு முன் நீங்களே கேளுங்கள்: ட்ரோபோனின், என்டி-ப்ரோபிஎன்பி, வயது, சிறுநீரகச் செயல்பாடு எல்லாம் புள்ளியியல் கணிப்பு மாதிரியில் ஏற்கெனவே இருக்கும்போது இந்த ஆர்என்ஏ எதைக் கூடுதலாகச் சொல்கிறது?

---

ரைபோசோம்_ரசிகர்:

சின்ன இடைச்செருகல். அது குறியீடற்றதுதானா? டிவார்ஃப் எல்என்சி என்று பதிவாகியிருந்தது. 2016-ல் பார்த்தால் 34 அமினோ அமிலப் பெப்டைடு, செர்கா என்ற கால்சியம் பம்பைத் தூண்டிக் கால்சியம் ஏற்றத்தைக் கூட்டுகிறது. மயோரெகுலின் 46 அமினோ அமிலம், அதுவும் அதே பட்டியலிலிருந்து. கணிப்பு மென்பொருள் 100 அமினோ அமிலத்துக்குக் கீழே இருப்பதைக் கண்டுகொள்ளாது. இதயத்தின் பொது ரைபோ-சீக் தரவில் (ஆர்என்ஏவில் ரைபோசோம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று காட்டுவது) உங்கள் 1.4 கிலோபேஸை வைத்து மூன்று பேஸ் தாளம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் தொடக்கக் கோடானை மட்டும் மாற்றிய வடிவத்தையும் சேர்த்து மிகைவெளிப்படுத்துங்கள். விளைவு மறைந்தால் வேலை செய்வது பெப்டைடு.

---

புது_பைப்பெட்:

புரிகிறது. டிஎன்ஏஸ், இழைவாரி ஆர்டி, செல் பிரிப்பு, எண்ணிக்கை இந்த வரிசையில் போகிறேன். நார்ச்செல் என்று உறுதியானால் கேப்மரை அங்கே போட்டு, நார்த்தன்மையைத் தூண்டும் டிஜிஎஃப்-பீட்டா 10 நானோகிராம்/மில்லிலிட்டரில் பார்க்கலாமா? சிகிச்சைக் கோணமும் எழுதச் சொல்வார்கள்.

---

மயோசைட்:

பார்க்கலாம், ஆனால் டிஜிஎஃப்-பீட்டா போடுவதற்கு முன் சீரத்தை 0.5 சதவீதத்துக்கு இறக்கி ஒரு நாள் வையுங்கள், இல்லாவிட்டால் சீரத்தின் தூண்டலே மேலோங்கும். பிளாஸ்டிக் தட்டின் விறைப்பே நார்ச்செல்லை மயோஃபைப்ரோபிளாஸ்ட் ஆக்கிவிடும். இரண்டாம் பாசேஜுக்கு மேல் உள்ள செல்லில் அதன் அடையாளப் புரதமான ஆல்ஃபா-எஸ்எம்ஏ ஏற்கெனவே ஏறி நிற்கும், கூடுவதற்கு இடமிருக்காது.

சிகிச்சைக் கோணத்தில் இரண்டு வரி எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அடக்குவது என்றால்: 2016-ல் சாஸ்ட் என்ற எல்என்சிக்கு எதிரான கேப்மர் டிஏசி சுண்டெலியில் வேலை செய்தது. ஆனால் நரம்பு வழி கொடுக்கும் ஆன்டிசென்ஸில் பெரும்பங்கு கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகிறது, இதயத்துக்குச் சொற்பமே. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் எஸ்ஐஆர்என்ஏ மருந்தான இன்க்ளிசிரான் கல்லீரலை இலக்காகக் கொண்டதால் அந்தச் சிக்கலைச் சந்திக்கவே இல்லை. மைக்ரோ-ஆர்என்ஏ-132-க்கு எதிரான ஆன்டிசென்ஸ் இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்க்கப்பட்டிருக்கிறது, ஆனால் அதன் இலக்கு எல்என்சி இல்லை. கூட்டுவது என்றால் ஜீனைச் சுமந்து செல்லும் ஏஏவி9 வைரஸில் சுமார் 4.7 கிலோபேஸ்தான் இடம். எச்19 எல்என்சியின் 2.3 நுழையும், 2020-ல் அப்படிச் சுண்டெலியில் செய்தும் காட்டினார்கள். மலாட்1-இன் 8 கிலோபேஸ் நுழையாது. உங்களுடைய 1.4 தாராளமாக நுழையும், ரேஸ் முடிந்த பிறகும் அது 1.4-ஆகவே இருந்தால்.